ஃபாத்திமா டூல்கிட்: கோபம் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும்?

கணினிக் கதாபாத்திரங்களுக்கு உணர்ச்சி கொடுக்கும் கருவிகளில் நாள்பட உழைக்கக்கூடியது ஃபாத்திமா டூல்கிட். லிஸ்பனில் உள்ள இனெஸ்க்-ஐடி ஆய்வு நிறுவனத்தில் வளர்ந்தது. பள்ளிகளில் பிள்ளைகள் ஒருவரையொருவர் கொடுமைப்படுத்துவதைத் தடுக்க உருவான ஃபியர்நாட் மென்பொருளுக்காக எழுதப்பட்ட மூளைதான் இதன் மூலம். பெயரும் அங்கிருந்தே வந்தது. சி ஷார்ப் மொழியில் எழுதப்பட்ட திறந்த மூல நிரல் என்பதால், விளையாட்டுகள் உருவாக்கும் யூனிட்டி மென்பொருளில் தடையில்லாமல் சேர்கிறது.

இதன் உணர்ச்சிக் கணக்கு, ஆர்டனி, க்ளோர், காலின்ஸ் மூவரும் 1988-ல் வெளியிட்ட கோட்பாட்டின் மேல் நிற்கிறது. நடந்த சம்பவம் எனக்கு நல்லதா, செய்தவர் செய்தது முறையா என்று கதாபாத்திரம் எடை போடும். அந்த எடையிலிருந்து உணர்ச்சி பிறக்கும். முதல் எடைக்கு டிசையரபிலிட்டி, இரண்டாவதற்கு பிரெய்ஸ்வொர்த்தினெஸ் என்று பெயர்.

வங்கிக் கவுண்ட்டர் ஊழியருக்கான பயிற்சிக் காட்சி ஒன்றை எடுத்துக்கொள்வோம். எதிரே மீனாட்சியம்மா, வயது 68. பென்ஷன் கணக்கில் ஏறவில்லை. பயிற்சி பெறுபவர் “சர்வர் டவுன், நாளைக்கு வாங்க” என்ற பதிலைத் தேர்ந்தெடுக்கிறார். இந்த எடைகளை விதிகளாக எழுதித் தருவது நாம்தான். புதிதாக எழுதுபவர்கள் பெரும்பாலும் டிசையரபிலிட்டியை மட்டும் மைனஸ் 5 என்று போட்டு நிறுத்திவிடுவார்கள். அப்போது அம்மாவுக்கு வருத்தம்தான் வரும், கோபம் வராது. செய்தவர் மேல் குறை இருந்தால்தான் கோபம். பிரெய்ஸ்வொர்த்தினெஸையும் மைனஸில் கொடுத்து, அது ஊழியரைக் குறிக்கும்படி வைக்க வேண்டும். கவனக்குறைவாக அந்த இடத்தில் கதாபாத்திரத்தையே குறிப்பிட்டுவிட்டால், பென்ஷன் வராத கிழவி தன்னைத்தானே நொந்துகொண்டு நிற்பாள்.

விதியில் நட்சத்திரக் குறியைத் தாராளமாகப் போடுவதும் ஆபத்து. எந்தப் பேச்சுக்கும் பொருந்தும் விதி “வணக்கம்மா” என்பதற்கும் பொருந்தும். வணக்கம் சொன்னவர் மேலேயே அம்மா எரிந்து விழுவார்.

இதையெல்லாம் ஒரு வாரத்தில் பழகிவிடலாம். மாதக்கணக்கில் பயன்படுத்தினால்தான் பிடிபடுவது, நேரம். உணர்ச்சி தேய்வதற்குக் கடிகாரம் கிடையாது. கருவியின் அப்டேட் என்ற கட்டளையை ஒவ்வொரு முறை அழைக்கும்போதும் அதன் உள்கணக்கு ஒரு படி, அதாவது ஒரு டிக், நகரும். உணர்ச்சி தேயும் வேகத்தைக் குறிக்கும் டீகே மதிப்பு 1 என்றால், இயல்பு அமைப்பில் 15 டிக்கில் அது பாதியாகும். மனநிலை பாதியாக 60 டிக். அப்டேட்டை யூனிட்டியின் ஃபிரேம் சுழற்சிக்குள் வைத்துவிட்டால், வினாடிக்கு 60 ஃபிரேம் ஓடும் கணினியில் கோபம் கால் வினாடியில் பாதியாகிவிடும். முகம் சுருங்கியது கண்ணுக்கே தெரியாது. அழைக்கவே மறந்தால், முதல் நிமிடத்துக் கோபம் கடைசி வரை குறையாமல் நிற்கும்.

வினாடிக்கு ஒன்று என்று வைத்தால் சரியாகிவிடும் போலத் தோன்றும். ஆகாது. பயிற்சி பெறுபவர் நான்கு பதில்களையும் படித்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கவே அரை நிமிடம் ஆகலாம். 6 என்ற அளவில் இருந்த கோபம் அதற்குள் 1.5-க்கு இறங்கிவிடும். மெதுவாகப் படிப்பவருக்கு எதிரே அமைதியான அம்மா, வேகமாகச் சொடுக்குபவருக்கு எதிரே கோபக்கார அம்மா என்றால் அது என்ன பயிற்சி? உரையாடல் வகைக் காட்சிகளுக்கு நேரக் கணக்கையே விட்டுவிடுங்கள். ஒரு பேச்சுக்கு 3 டிக் போதும். ஐந்து பேச்சில் கோபம் பாதியாகும். சமாதானம் சொல்ல ஊழியருக்கு வாய்ப்பும் இருக்கும், ஒரே ஒரு “மன்னிச்சுக்கோங்க” எல்லாவற்றையும் துடைத்துவிடவும் முடியாது. மனநிலை இன்னும் மெல்லத்தான் ஏறும். அது தாழ்ந்திருக்கும் வரை நல்ல வார்த்தைக்கும் மகிழ்ச்சி குறைவாகவே பிறக்கும். மனிதர்களிடம் நாம் பார்ப்பதும் இதுதான். இந்தக் கருவி அதைச் சரியாகப் பிடித்திருக்கிறது.

முகத்துக்கு அந்தந்த நேரத்தில் வலுவாக இருக்கும் உணர்ச்சியை எடுத்துக் காட்டுவதே வழக்கம். வருத்தமும் கோபமும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தால் முகம் இரண்டுக்கும் நடுவில் துடிக்கும். புதியது பழையதைவிட 1 புள்ளியாவது கூடினால் மட்டும் மாற்றுங்கள். மாற்றத்தை அரை வினாடிக்குப் பரப்புங்கள்.

கதாபாத்திரம் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னால், உரையாடல் நிலை மாறிய செய்தி அதற்குப் போகவில்லை என்று பொருள். நடந்ததைத் தெரிவிக்கும் பெர்சீவ் அழைப்பைக் காட்சியில் உள்ள எல்லோருக்கும் அனுப்ப வேண்டும், பேசிய கதாபாத்திரத்துக்கும் சேர்த்து. தான் பேசியதைத் தானே கேட்காத கதாபாத்திரத்துக்கு அது நினைவில் இருக்காது.

தமிழில் வசனம் எழுதுபவர்களுக்கு இதில் ஒரு நல்ல வசதி உண்டு. ஒவ்வொரு வசனத்துக்கும் பொருள், நடை என்று இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. நடைக் கட்டத்தில் விளிப்பை ஏற்றிவிடலாம். மனம் குளிர்ந்திருந்தால் “காலையிலேருந்து நிக்கிறேன், கொஞ்சம் பாருங்க தம்பி”. கோபம் 4-ஐத் தாண்டினால் “தம்பி” விழுந்துவிடும்: “சார், நாளைக்கு வான்னா எப்படி சார்?” மரியாதை கூடும்போது உறவு குறைவதைத் தமிழ் கேட்பவர் உடனே உணர்வார். புருவத்தை நெரிக்கும் அனிமேஷனைவிட இந்த ஒரு சொல் மாற்றம் அதிகம் பேசுகிறது.

விதிகளின் பெயர்களை ஆங்கில எழுத்தில் வைத்துக்கொண்டு, தமிழை வசனத்தில் மட்டும் வைப்பது நல்லது. திரையில் எழுத்தைக் காட்டும் யூனிட்டியின் டெக்ஸ்ட்மெஷ் ப்ரோ தமிழ்க் கொம்புகளை இடம் மாற்றிக் காட்டும். ‘கொ’ உடைந்து நிற்கும். யூனிகோடில் கொம்பு மெய்க்குப் பின்னால் சேமிக்கப்படுகிறது, திரையில் முன்னால் வர வேண்டும். அந்த இடமாற்றத்தை அது செய்வதில்லை. திரைக்கு அனுப்பும் முன் பாமினி போன்ற பழைய எழுத்துரு முறைக்கு மாற்றி, அதே எழுத்துருவில் காட்டினால் சரியாகத் தெரியும்.

கடைசியாகச் சேமிப்பு. கதாபாத்திரக் கோப்பில் நினைவுகளும் உணர்ச்சிகளும் சேர்ந்தே பதிவாகும். ஒரு அமர்வு முடிந்ததும் அதே கோப்பின் மேல் சேமித்துவிட்டால், அடுத்து வருபவர் வாய் திறக்கும் முன்பே மீனாட்சியம்மா கோபத்தோடு நிற்பார். மூலக் கோப்பைத் தொடாமல் வைத்து, ஒவ்வொரு அமர்வையும் அதன் நகலிலிருந்து தொடங்குங்கள்.