அஸ்தம்பட்டியில் வாங்கிய புரோபயாடிக் பவுடர்: அஞ்சுக்கு மூணு

ஏற்காட்டுல ஒரு காபி எஸ்டேட்டுக்குக் கணக்கு எழுதுற ஆள் நான். பெருங்குடல் புண், டாக்டர் சீட்டுல 'அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்'. குடல் அழற்சியை அடக்குற மெசலசைன் மாத்திரை தினமும் உள்ள போகுது. வியாதி கிளம்பின நாள்ல சேலம் பஸ் ஏறினா இருபது கொண்டை ஊசி வளைவு, நடுவுல இறங்க இடம் கிடையாது. இந்த வியாதி உள்ளவங்களுக்கு இதுக்கு மேல விளக்க வேண்டாம்.

மாத்திரையோட ஒரு புரோபயாடிக் பவுடரும், அதாவது குடலுக்கு நல்லது செய்யும்னு உயிரோட சாப்பிடுற பாக்டீரியா, எழுதினார் டாக்டர். எட்டு வகை பாக்டீரியா, பாக்கெட்டுக்கு 45,000 கோடின்னு அட்டையில போட்டிருக்கு. முதல்ல போன மருந்துக்கடையில ஃபேனுக்குக் கீழ ரேக்குல இருந்து எடுத்து நீட்டினாங்க, அதுவும் சித்திரை வெயில்ல. 2 முதல் 8 டிகிரியில வைக்கணும்னு அட்டையிலேயே அச்சடிச்சிருக்கு! வேண்டாம்னுட்டு அஸ்தம்பட்டியில வேற கடைக்குப் போனேன். அந்தத் தம்பி ஃபிரிட்ஜைத் திறந்து எடுத்து, தெர்மாகோல் டப்பாவுல ஐஸ் பேக் வெச்சுக் கட்டிக் கொடுத்தார். மலை ஏறி வீடு சேர்ற வரைக்கும் சில்லுனு இருந்துச்சு.

பவுடர் லேசான மஞ்சள் நிறம். மோர்ல கொட்டினா மேலயே மிதக்கும், கலக்கின கையோட குடிச்சிடணும். சூடான காபியில போட்டா பாக்டீரியா செத்துடும்.

முதல்ல வயிறு உப்புசம்தான். அப்புறம் காலையில அடிச்சுப் பிடிச்சு ஓடுறது குறைஞ்சுது. பவுடராலயா, மாத்திரையாலயான்னு பிரிச்சுச் சொல்ல முடியாது. லூதியானாவுல டாக்டர் அஜித் சூட் குழு 2009-ல வெளியிட்ட சோதனையில, இதே மாதிரி எட்டு வகைக் கலவை சாப்பிட்டவங்கள்ல 42.9 சதவீதம் பேருக்கு 12 வாரத்துல வியாதி அடங்கியிருக்கு. வெத்துப் பவுடர் சாப்பிட்டவங்கள்ல 15.7. ஆனா அங்க கொடுத்தது ஒரு வேளைக்கு 3.6 லட்சம் கோடி, நாளைக்கு ரெண்டு வேளை. கணக்குப்பிள்ளை புத்தி, வகுத்துப் பார்த்தேன். தினம் 16 பாக்கெட்! என் சீட்டுல இருக்கறது ரெண்டு.

"ஜீன் மாத்தின பாக்டீரியாவே வந்துருச்சாமே அண்ணா?"ன்னு கடைத் தம்பி கேட்டார். கடைக்கு வரல. நெதர்லாந்துல 2006-ல க்ரோன்ஸ்ங்கிற இன்னொரு குடல் அழற்சி வியாதிக்காரங்க 10 பேருக்குக் கொடுத்துப் பார்த்திருக்காங்க. சீஸ் புளிக்க வைக்கிற லாக்டோகாக்கஸ் லாக்டிஸ் பாக்டீரியாவுல, டிஎன்ஏ உருவாகத் தேவையான தைமிடின்கிற பொருளைத் தயாரிக்கத் தேவையான ஜீனை எடுத்துட்டு, அழற்சியை அடக்குற ஐஎல்-10 புரதத்தோட மனித ஜீனை அந்த இடத்துல வெச்சாங்க. தைமிடின் கிடைக்காத இடத்துல அது பிழைக்காது. மருந்தைக் குடலுக்குள்ளயே தயாரிக்கணும், வெளிய வந்தா சாகணும், ரெண்டுக்கும் ஒரே மாத்தம். கெட்டிக்காரத்தனம்தான். ஆனா அடுத்த கட்ட சோதனையில பலன் நிக்கல. அதனால 'மரபணு'ன்னு சொல்லி யாராவது கூடுதல் விலைக்கு எதையாவது நீட்டினா வாங்காதீங்க.

வியாதி லேசா இருக்கறவங்க, டாக்டர் சொன்னா, மாத்திரைக்குத் துணையா இந்தப் பவுடரை வாங்கலாம். ரத்தம் போற நாள்ல இதை நம்பி உட்காராதீங்க. ஒரு நட்சத்திரம் விலைக்காகக் குறைச்சேன், இன்னொண்ணு அளவு விஷயத்தை அட்டையில சொல்லாததுக்கு.