ஆக்சிஜன் இயந்திரத்தோடு வீட்டுக்கு வரும் 'தெரபிஸ்ட்': ஓர் எச்சரிக்கை

இராமநாதபுரம், கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி வட்டாரங்களில் வீட்டிலேயே ஆக்சிஜன் வைத்துக்கொள்ளும் நோயாளிகளின் குடும்பத்தார் கவனத்திற்காக இதை எழுதுகிறேன். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் இயந்திரத்தை வாடகைக்கு விடும் ஒரு நிறுவனத்திலிருந்து வந்த ஆள், தன்னைச் சுவாச சிகிச்சையாளர் என்று கூறிக்கொண்டு, மருத்துவர் எழுதிய அளவை மாற்றி வைத்ததால் என் பெரியப்பா உயிராபத்து வரை போய்த் திரும்பினார். நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கவிருப்பதால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

சீமைக் கருவேல மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டே பிழைத்தவர் பெரியப்பா. மூட்டத்துப் புகையும் பீடிப் புகையுமாக நுரையீரல் கெட்டு, சி.ஓ.பி.டி. எனப்படும் நாள்பட்ட மூச்சடைப்பு நோய் முற்றிய நிலையில் மதுரையில் சேர்த்திருந்தோம். வீட்டுக்கு அனுப்பும்போது நிமிடத்திற்கு 1 லிட்டர் ஆக்சிஜன் போதும் என்றும், விரலில் மாட்டி இரத்த ஆக்சிஜனின் சதவீதத்தைப் பார்க்கும் ஆக்சிமீட்டரில் 88 முதல் 92 வரை இருந்தால் சரி என்றும் மருத்துவர் சீட்டில் தெளிவாக எழுதிக் கொடுத்தார்.

இயந்திரத்தைக் கொண்டுவந்த இளைஞர் நீலச் சீருடையும் கழுத்தில் ஸ்டெதஸ்கோப்புமாக வந்தார். குழாயை மாட்டி இயந்திரத்தை ஓடவிட்டதோடு நிற்காமல், பெரியப்பாவின் விரலில் ஆக்சிமீட்டரை வைத்துப் பார்த்து, 90 காட்டியதும், "95க்குக் கீழே போனால் ஆபத்தும்மா, டாக்டர் குறைத்து எழுதிவிட்டார்" என்று பெரியம்மாவிடம் கூறி, 4 லிட்டருக்கு ஏற்றிவிட்டார். ஈரப்பதத்திற்கான புட்டியில் காய்ச்சி வடித்த நீர் ஊற்ற வேண்டியிருக்க, அடுப்படிக் குடத்திலிருந்த உப்புத் தண்ணீரை மொண்டு ஊற்றினார் என்பதையும் பெரியம்மா பிறகுதான் சொன்னார். இதற்கெல்லாம் 'தெரபிஸ்ட் விசிட்' என்று ரசீது போட்டு 1,500 ரூபாய் தனியாக வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலையில் தலைவலி என்றார் பெரியப்பா. பகலெல்லாம் தூங்கினார், எழுப்பினால் உளறினார். ஆக்சிமீட்டரோ 97 காட்டியது. தொலைபேசியில் கேட்டபோது, "நம்பர் நன்றாகத்தானே இருக்கிறது, தூங்கட்டும் அண்ணே" என்றார் அதே இளைஞர். நாங்கள் 108ஐ அழைத்தோம். அரசு மருத்துவமனையில் இரத்த வாயுப் பரிசோதனை செய்து, கரியமில வாயு மிக அதிகமாகத் தேங்கியிருப்பதைக் கண்டு, முகமூடி வழியாகக் காற்றை அழுத்தி மூச்சுக்கு உதவும் பைபேப் இயந்திரத்தில் வைத்துக் காப்பாற்றினார்கள்.

இந்நோயாளிகளில் பலருக்கு ஆக்சிஜன் கூடினால் கரியமில வாயு வெளியேறுவது குறைந்து, இரத்தம் அமிலத்தன்மை அடைந்து, மயக்கம் வரை போகும். விரலில் மாட்டும் கருவி ஆக்சிஜனை மட்டுமே காட்டும் என்பதால் அதில் 97 என்று தெரிவது ஆறுதலாகவும் இருக்கும், ஏமாற்றவும் செய்யும். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், ஆம்புலன்சிலேயே 88–92 என்ற இலக்குக்குள் அளந்து ஆக்சிஜன் பெற்றவர்களிடையே, தாராளமாகப் பெற்றவர்களைவிட இறப்பு பாதிக்கும் குறைவாக இருந்தது. மருத்துவ ஆக்சிஜன் நம் நாட்டுச் சட்டப்படி ஒரு மருந்து; எத்தனை லிட்டர் என்பதுதான் அதன் அளவு.

நிறுவனத்திடம் கேட்டபோது கிடைத்த பதில்தான் இப்பதிவை எழுதவைத்தது. "அவர் டெலிவரி ஆள், சார். மெஷின் மாட்டுவதற்கு லைசென்ஸ் எதுவும் தேவையில்லை" என்றார்கள். மாட்டுவதற்குத் தேவையில்லாமல் இருக்கலாம். சுவாச சிகிச்சைக்கு உரிமம் கட்டாயமாக உள்ள அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலும், சம்பளமில்லாமல் கவனித்துக்கொள்ளும் உறவினருக்கும், மேற்பார்வையில் பயிலும் மாணவருக்கும், மருத்துவர் உத்தரவின்படி கருவியைக் கொண்டுவந்து பொருத்துபவருக்கும் சட்டம் விலக்கு அளிக்கிறது. ஆனால் நோயாளியைச் சோதித்து முடிவெடுப்பதற்குக் கருவி பொருத்துபவருக்கான விலக்கு நீளாது. இந்தியாவிலும் 2021ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம், பதிவுக்குரிய தொழில்களுள் சுவாசத் தொழில்நுட்பரையும் சேர்த்திருக்கிறது. வசூலிக்கும்போது தெரபிஸ்டாக இருந்தவர், கேள்வி வந்ததும் டெலிவரி ஆளாகிவிட்டதுதான் எங்களுக்கு நேர்ந்த மோசடி. அந்த இளைஞர்மீதுகூட எனக்கு அவ்வளவு கோபமில்லை. சீருடையை மாட்டி அனுப்பியவர்கள்மீதுதான்.

ஆகவே வாடகைக்கு எடுப்போர், வருபவர் என்ன படித்தவர், எங்கே பதிவு பெற்றவர் என்பதை முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். பொருத்த மட்டுமே வருகிறார் என்றால் 'விசிட்' கட்டணம் கொடுக்காதீர்கள். மருத்துவர் எழுதிய லிட்டர் அளவைப் பெரிதாக எழுதி இயந்திரத்தின் மீதே ஒட்டிவிடுங்கள். மருத்துவரிடம் பேசாமல் யாரும் திருகக் கூடாது. ரசீது இல்லாமல் பணம் தர வேண்டாம், ஏனென்றால் எங்கள் கையில் இருக்கும் ஒரே சாட்சி அந்த ரசீதுதான். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவுசெய்துவிட்டோம். நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையான வழக்குக்குக் கட்டணமும் இல்லை. இயந்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம், முன்பணம் இன்னும் வந்துசேரவில்லை. இதே அனுபவம் உள்ளவர்கள் 'தெரபிஸ்ட் விசிட்' என்று எழுதிய ரசீதை வைத்திருந்தால் எனக்குத் தெரிவியுங்கள். மனுக்களைச் சேர்த்தே கொடுக்கலாம்.