பயிற்சி முடிந்த பிறகும் விசாரிக்கும் சத்துவாச்சாரி சர்க்கரைப் பயிற்சி மையம்

சர்க்கரைக்கும் உடல் எடைக்கும் 12 வார உணவு, நடைப் பயிற்சி வழிகாட்டல் தரும் மையம் இது, வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கிறது. அந்த 12 வாரத்தில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. முடித்துப் போனவர்களை 3, 6, 12ஆம் மாதங்களில் போனில் கூப்பிட்டு விசாரிக்கிறார்கள் பாருங்கள், அதற்காகவே இங்கே சேரலாம்.

"நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டால் யாராக இருந்தாலும் "நல்லா இருக்கேங்க" என்பார்கள். இவர்கள் கேட்பது வேறு: "போன வாரம் எத்தனை நாள் நடந்தீங்க? நேத்து ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிட்டீங்க, எத்தனை இட்லி? டாக்டர் மாத்திரையைக் கூட்டினாரா, குறைச்சாரா?" கடைசிக் கேள்வியை விடவே கூடாது. மாத்திரை கூடியதால் இறங்கிய சர்க்கரையைப் பயிற்சியின் கணக்கில் எழுத முடியாது.

எச்பிஏ1சி பரிசோதனையை (ரத்தச் சிவப்பணுக்களில் ஒட்டிய சர்க்கரையை அளந்து கடந்த 2, 3 மாதச் சராசரியைக் காட்டுவது) 3 மாதம் கழித்து மறுபடி எடுக்கச் சொல்வதும் சரியே. சிவப்பணுக்களின் ஆயுள் சுமார் 120 நாள். அதனால் பயிற்சி முடிந்த அன்று எடுக்கும் ரிசல்ட் பயிற்சிக் காலத்தைத்தான் காட்டும். ஆள் சொந்தமாகச் சமாளிக்கிறாரா என்பது அடுத்த ரிசல்ட்டில்தான் தெரியும். அதே லேபில் எடுப்பது நல்லது. இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால் இந்த எண் கூடுதலாகக் காட்டலாம்; ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறார்கள், பாராட்ட வேண்டும்.

ஜனவரியில் முடித்தவருக்கு முதல் அழைப்பு ஏப்ரலில் வரும். வேலூர் வெயிலில் கோட்டைப் பக்கம் நடக்க வருபவர்கள் குறையத் தொடங்கும் நேரம் அது. சாப்பிட்டதும் வீட்டுக்குள்ளேயே 10, 15 நிமிடம் நடக்கச் சொல்லி, பழக்கம் விட்டுப்போகாமல் அப்போதே பிடித்து நிறுத்துகிறார்கள்.

குறை வெற்றிக் கணக்கில் இருக்கிறது. இரண்டு முறை கூப்பிட்டும் எடுக்காதவரைப் பட்டியலிலிருந்தே நீக்கிவிடுகிறார்கள். உதாரணத்துக்கு, 40 பேர் முடித்து, 22 பேர் போனை எடுத்து, 18 பேர் நன்றாக இருந்தால் 82 சதவீதம் என்று எழுதுகிறார்கள். 40 பேரில் பார்த்தால் அது 45தான். எடை திரும்ப ஏறியவர் கூச்சத்தில் போனை எடுக்க மாட்டார் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியாததல்ல. சேரும்போதே வீட்டில் இன்னொருவர் நம்பரையும் வாங்கி வைக்கலாம். பயிற்சி கொடுத்தவரே கூப்பிடாமல் வேறொருவர் கூப்பிட்டால், பயிற்சி கொடுத்தவர் மனம் நோகக் கூடாதென்று பொய் சொல்வதும் குறையும்.

பணம் கட்டும் முன் கேளுங்கள்: போன வருடம் மொத்தம் எத்தனை பேர் முடித்தார்கள், அதில் எத்தனை பேர் போனை எடுத்தார்கள்?