கண்ணா, இரும்புத் துகளா? புறாவுக்கு வடக்கு தெரிவது எதனால்

பல்லடத்தில் எங்கள் மாமா ஹோமர் புறா, அதாவது தூரத்தில் விட்டாலும் வீடு திரும்பும் ரகம், வளர்க்கிறார். "மோடம் போட்டிருந்தா தூரமா உடமாட்டேன் மாப்ள" என்பார். அவர் பயம் பாதி சரி. 1971-ல் அமெரிக்காவில் கீட்டன் என்ற ஆய்வாளர் புறா முதுகில் சின்னக் காந்தம் ஒட்டிப் பறக்கவிட்டார். வெயில் நாளில் ஒழுங்காக வீடு திரும்பின. மோடம் போட்ட நாளில் பல புறாக்கள் திசை தடுமாறின. சூரியன் இருக்கும்வரை காந்தம் துணைக்குத்தான்.

சரி, அந்தக் காந்தத்தை எந்த உறுப்பு உணர்கிறது? இங்கேதான் சண்டை.

ஒரு கட்சி, கண் என்கிறது. விழித்திரையில் உள்ள கிரிப்டோகுரோம் என்ற புரதத்தில் நீல ஒளி பட்டால் எலக்ட்ரான் ஜோடி ஒன்று உருவாகிறது. அதன் போக்கைப் புவிக்காந்தம் லேசாக மாற்றுகிறது. சிவப்பு விளக்கில் ராபின் குருவி குழம்புவது இந்தக் கட்சிக்குப் பலம். இரும்புக்கு விளக்கின் நிறம் ஒரு பொருட்டா என்ன? ஜெர்மனியின் ஓல்டன்பர்க்கில் நகரத்து ரேடியோ இரைச்சலே ராபினின் திசையுணர்வைக் கெடுத்தது; கூண்டறையை அலுமினியத் தகட்டால் மூடி எர்த் கொடுத்ததும் தெளிந்தது. 2014-ல் வெளியான ஆய்வு அது. என் ஓட்டு இதற்கே.

ஆனால் கொங்கில் ஒரு சிக்கல். இந்தக் கண் திசைகாட்டி வடக்கு, தெற்கு என்று பிரிப்பதில்லை. காந்தக்கோடு தரையை நோக்கி எவ்வளவு சாய்கிறது என்றே பார்க்கிறது. ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில் சாய்வு 66 டிகிரி. நம்ம ஊரில் சில டிகிரிதான். சாய்வே இல்லாத கோடு தமிழ்நாட்டின் தென்கோடியை ஒட்டிப் போகிறது. மாமா புறாவுக்குக் கிடைப்பது அந்தச் சொற்பச் சாய்வு மட்டுமே.

மறு கட்சி, உடம்புக்குள் மேக்னடைட் என்ற காந்த இரும்புத் துகள் என்கிறது. சில பாக்டீரியாக்களில் அது நிச்சயமாக இருக்கிறது; 1975-லேயே இரும்புத் துகளைப் பார்த்துவிட்டார்கள், அது மேக்னடைட்தான் என்பது 1979-ல் உறுதியானது. புறா அலகில் கண்டதாகச் சொன்ன இரும்போ 2012-ல் வெறும் நோய் எதிர்ப்புச் செல் என்று தெரிந்தது. பெரிய அடி.

சுறாவுக்கு மின் உணர்வு வழியாக என்று மூன்றாவது யோசனையும் உண்டு. அதற்குச் சுற்றிலும் உப்புத் தண்ணீர் வேண்டும், நம்ம புறாவுக்கு ஆகாது.

அலகு இரும்பு பொய்த்ததற்காக மேக்னடைட் கட்சியைத் தள்ளிவிட முடியவில்லை. வலுவான காந்தத் துடிப்பு இரும்புத் துகளின் காந்தத்தை மாற்றிவிடும், கண் புரதத்தை அல்ல. ஆஸ்திரேலிய வெள்ளைக்கண்ணிக் குருவிகளுக்கு நொடிக்கும் குறைவான நேரம் அப்படியொரு துடிப்பு கொடுத்தபோது, அனுபவமுள்ளவை திசை விலகின. முதல் பயணம் போகும் குஞ்சுகள் விலகவில்லை. அப்படியென்றால் இரும்பின் வேலை திசை காட்டுவதாக இருக்காது. பறந்து பழகிச் சேர்த்த வரைபடமாக இருக்கலாம்.

மாமா இளம்புறாவை முதலில் பொங்கலூரில் விடுவார். அப்புறம் காங்கேயம். கரூர் கடைசியில்தான்.