பெட்டியில் 4070 இருந்தது, வாட் இல்லை

வீடுகளுக்கு வயர் இழுப்பதுதான் என் பிழைப்பு. இருபது வருடமாகச் சிங்கப்பூரில் வீவக (அரசு அடுக்குமாடி) வீடுகளில் ஃபேனும் லைட்டும் ஹீட்டரும் மாட்டிக்கொண்டிருக்கிறேன். வாட் பார்க்காமல் ஒரு பல்புகூட வாங்கியதில்லை. அப்படிப்பட்டவன், 2,700 வெள்ளிக்கு மேல் கொட்டிக் கொடுத்து லேப்டாப் வாங்கிய அன்று அந்த ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. நண்பர்களிடம் சொல்லவே வெட்கமாக இருந்தது. ஆனாலும் ஜூன், டிசம்பர் விடுமுறைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு லேப்டாப் வாங்கக் கிளம்புகிறவர்களுக்கு உதவுமே என்று எழுதுகிறேன்.

2024 மார்ச். ஏப்ரலில் மகனுக்கு பாலிடெக்னிக் திறக்கிறது. "அப்பா, 4060 போதும், 1,900க்குள்ள முடிஞ்சிடும்" என்று மாடல் வரைக்கும் அவனே பார்த்து வைத்திருந்தான். 4060 என்பது லேப்டாப்புக்குள் இருக்கும் என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு, விளையாட்டுப் படங்களை ஓட்டுவது அதுதான். சனிக்கிழமை மதியம் ஒரு கடைத்தொகுதிக்குப் போனோம். கடைப் பெயர் வேண்டாம். எங்களை மடக்கிய பையன் "அண்ணே, தமிழா? வாங்க வாங்க" என்றான். அந்த ஒரு வார்த்தையில் எனக்குப் பாதி உஷார் போய்விட்டது, அதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

நாங்கள் கேட்ட மாடல் "இப்பத்தான் கடைசி பீஸ் போச்சு". அதற்குப் பதிலாக மெல்லிசாக, சாம்பல் நிறத்தில், பார்க்க அம்சமாக ஒன்றை எடுத்து வைத்தான். உள்ளே ஆர்டிஎக்ஸ் 4070 கார்டு. "60ஐ விட 70 பெருசுதானே அண்ணே, நாலு வருஷம் யோசிக்கவே வேணாம்." மகனுக்குக் கண் விரிந்தது. யூடியூபில் 4070 ஓடும் அழகை அவன் ஏற்கனவே பார்த்திருக்கிறான். விலை கேட்டேன். தன் விசிட்டிங் கார்டைத் திருப்பி, நீலப் பேனாவால் 2499 என்று எழுதி, அடியில் ஒரு கோடும் போட்டுக் கொடுத்தான். நான் யோசித்துக்கொண்டு நிற்கும்போதே பெட்டியின் சீலைக் கத்தியால் கீறிவிட்டான். "டெஸ்ட் பண்ணிக் காட்டுறேன்." பிரித்த பிறகு வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. நெட்ஸ் வங்கி அட்டையில் கட்டினேன், பில்லை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன், தேக்காவில் ஆளுக்கு ஒரு பிரியாணி சாப்பிட்டுவிட்டு வீடு வந்தோம்.

இரண்டு வாரம் கழித்து மகனின் கூட்டாளி தன் லேப்டாப்போடு வீட்டுக்கு வந்தான். தடியாக, செங்கல் மாதிரி ஒன்று, 4060தான். ஒரே விளையாட்டு, ஒரே செட்டிங். அவனுடையது வழுக்கிக்கொண்டு போகிறது, எங்களுடையது திக்குகிறது. மகன் முகம் சுருங்கிவிட்டது. எனக்கு விளையாட்டு தெரியாது. ஆனால் தரையில் கிடந்த இரண்டு அடாப்டர்களும் கண்ணில் பட்டன. குனிந்து படித்தேன். அவனுடையதில் 20 வோல்ட், 11.5 ஆம்பியர். பெருக்கினால் 230 வாட். எங்களுடையதில் 20 வோல்ட், 6.75 ஆம்பியர், அதாவது 135 வாட். அதில் பிராசஸருக்கு ஒரு 45 போகும், திரை, ஃபேன், பேட்டரி சார்ஜ் எல்லாம் போக, அந்தப் பெரிய கார்டுக்கு என்ன மிஞ்சும்?

என்விடியா கன்ட்ரோல் பேனலில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று ஒரு இடம் உண்டு. அதில் மேக்சிமம் கிராஃபிக்ஸ் பவர் என்று ஒரு வரி வரும். எங்களுடையதில் 50 வாட். கூட்டாளியுடையதில் 140.

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். லேப்டாப் 4060, 4070 இரண்டுக்குமே என்விடியா சொல்லும் அளவு 35 முதல் 115 வாட் வரை. அதற்கு மேல் பூஸ்ட் என்று 25 வாட் வரை கூடலாம். அந்த வரம்புக்குள் எத்தனை கொடுப்பது என்பது லேப்டாப் செய்கிறவர் முடிவு. மெல்லிய உடம்பில் சூட்டை வெளியேற்ற வழியில்லை, அதனால் குறைத்து வைக்கிறார்கள். பெரிய ஃபேனை வாங்கி மாட்டி, ரெகுலேட்டரை இரண்டிலேயே நிறுத்தி வைத்த கதை. முன்பெல்லாம் இப்படிக் குறைத்த கார்டுகளுக்குப் பெயரிலேயே மேக்ஸ்-க்யூ என்ற வால் இருக்கும், பார்த்ததும் தெரிந்துவிடும். 2021இல் வந்த 30 வரிசையிலிருந்து அந்த வாலும் போய்விட்டது. பெட்டியைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது.

இன்னொரு கூத்து. மகன் யூடியூபில் பார்த்தது மேசைக் கணினியின் 4070. அதில் 12 ஜிபி நினைவகம், கணக்குப் போடும் கோர் 5,888. லேப்டாப் 4070 என்பது 8 ஜிபி, 4,608 கோர். லேப்டாப் 4060க்கும் அதே 8 ஜிபிதான். பெயர் ஒன்று, சரக்கு வேறு.

பில்லை விரித்துப் பார்த்ததும் அன்றுதான். 2,723.91. எழுதிக் கொடுத்த 2,499க்கு மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி! இங்கே வாடிக்கையாளரிடம் விலை சொன்னால் வரியோடு சேர்த்துத்தான் சொல்ல வேண்டும் என்பது சட்டம்.

கடைக்குப் போனேன். அண்ணே போய், அங்கிள் ஆகியிருந்தேன். "பெட்டியில 4070 போட்டிருக்கு, உள்ளயும் 4070 இருக்கு, நான் என்ன பொய் சொன்னேன்?" லெமன் சட்டத்தைச் சொன்னேன். "அது பழுதான பொருளுக்கு, அங்கிள். இதுல என்ன பழுது?" என்றான். கார்டு விஷயத்தில் என்னிடம் எழுத்தில் ஒன்றுமே இல்லை. விலை விஷயத்தில் அந்த விசிட்டிங் கார்டு இருந்தது. அதைப் படம் எடுத்துப் பயனீட்டாளர் சங்கத்துக்குப் புகார் எழுதினேன். சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்கும் போகத் தயாராக இருந்தேன். 20,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம், 5,000 வரையிலான தொகைக்கு நம்மைப் போன்ற வாடிக்கையாளருக்குக் கட்டணம் 10 வெள்ளிதான், வக்கீலுக்கு அங்கே இடமில்லை, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். அதற்கு அவசியம் வரவில்லை. புகார் போன சில நாட்களில் 224.91 வெள்ளி திரும்பி வந்தது. லேப்டாப்பை மட்டும் கடை திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. மகன் அதில்தான் அசைன்மென்ட் செய்கிறான், விளையாட கூட்டாளி வீட்டுக்குப் போகிறான்.

போன மாதம் மச்சான் மகனுக்கு லேப்டாப் வாங்க என்னைத் துணைக்குக் கூப்பிட்டார்கள். இப்போது 50 வரிசை. நாங்கள் பார்த்த லேப்டாப் 5070இலும் அதே 8 ஜிபிதான். கடைக்காரர் பெட்டியைப் பிரிக்கக் கை வைத்ததும் நிறுத்தினேன். டெமோ பீஸின் அடாப்டரை முதலில் வாங்கிப் படித்தேன். பிறகு என் பேனாவை நீட்டி, "கார்டுக்கு எத்தனை வாட்னு பில்லில எழுதிக் கொடுங்க, வரியோட விலையும்" என்றேன். அவர் என்னையும் பேனாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அதெல்லாம் எழுத மாட்டோம் சார்" என்றார். பேனாவை வாங்கிக்கொண்டு அடுத்த கடைக்கு நடந்தோம்.