பழைய கொம்பியூட்டரைக் கடையில் கொடுக்க முதல் இதை வாசியுங்கள்

முக்கியமாக வன்னியில் இருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். போர் முடிந்து அகதி முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பிய 2010, 2011 காலத்தில், வெளிநாட்டுச் சொந்தங்கள் அனுப்பிய காசில் செக்கன்ஹான்ட் கொம்பியூட்டர் ஒன்று வாங்கிய வீடுகள் எங்கள் பக்கம் இருக்கின்றன. இப்போது அது பழைய சேலையால் மூடியபடி அறை மூலையில் கிடக்கும். பழைய இரும்பு வாங்குகிறவர் வரும்போது கொடுத்துவிட நினைப்பீர்கள். அதற்கு முதல் உள்ளே இருக்கிற படங்களை எடுத்துவிடுவோம் என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போவீர்கள். நாங்களும் அப்படித்தான் போனோம்.

எங்கள் வீடு ஒட்டுசுட்டான் பக்கம். அப்பா அந்தக் கொம்பியூட்டரை 2011 இல் வவுனியாவில் 24,000 ரூபாய்க்கு வாங்கினார். பென்டியம் 4, விண்டோஸ் எக்ஸ்பி, 80 ஜிபி ஹாட் டிஸ்க். அவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டத் தானாகவே பழகினார். தட்டியதெல்லாம் அண்ணாவைப் பற்றிய கடிதங்கள். அண்ணா 2009 இல் காணாமல் போனவர். ஆணைக்குழுக்களுக்கு, செஞ்சிலுவைச் சங்கத்துக்கு, மனித உரிமை அலுவலகத்துக்கு என்று அப்பா எழுதாத இடமில்லை. எந்தத் திகதியில் யாரிடம் என்ன சொன்னோம், என்ன பதில் வந்தது என்பதும் அதற்குள்தான் இருந்தது. அப்பா 2018 இல் காலமாகிவிட்டார்.

இன்னொன்றும் இருந்தது. இடம்பெயர்ந்த வழியில் எங்கள் அல்பங்கள் எல்லாம் போய்விட்டன. கனடாவில் இருந்த பெரியம்மாவிடம் மட்டும் அண்ணாவின் படம் ஒன்று தப்பியிருந்தது. அதை ஸ்கான் பண்ணி அப்பாவுக்கு அனுப்பினார். கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் 2017 பெப்ரவரி 20 இலிருந்து காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்கள் தொடர் போராட்டத்தில் இருந்தார்களே, அங்கே அம்மா மடியில் வைத்துக்கொண்டு இருந்தது அந்தப் படத்தின் பிரதிதான். லமினேட் பண்ணியதுதான், ஆனால் இத்தனை வருச வெயிலில் முகம் வெளிறிவிட்டது. புதிதாக ஒன்று அடிப்பதற்கு மூலப்படம் வேண்டும். பெரியம்மாவும் இப்போது இல்லை. அப்பாவின் மின்னஞ்சல் கடவுச்சொல் அப்பாவோடு போய்விட்டது. ஆகவே அந்த ஹாட் டிஸ்க்தான் எங்களுக்கு எல்லாம்.

போன மாசியில் சுவிட்சைப் போட்டுப் பார்த்தேன். விசிறி சுற்றியது, திரையில் ஒன்றும் வரவில்லை. நீளமாகக் கூவிக் கூவி நின்றது. பக்கத் தகட்டைக் கழற்றினால் உள்ளே ஒரே தூசி. மதர்போட் என்ற பெரிய சுற்றுப் பலகையில், வெறுமையாக இருந்த ஒரு காட் பொருத்துகிற இடத்தில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. அதைப் பார்த்து வியந்து போனில் ஒரு படம் எடுத்தேன். அந்தப் படம் பிறகு எவ்வளவு உதவும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

ஏ9 வீதியில் ஒரு ரவுணில் இருக்கிற கடைக்கு ஓட்டோவில் கொண்டுபோனோம். 3,000 ரூபாய் முற்பணம். பற்றுச்சீட்டுத் துண்டு கேட்டேன், "வேலை முடியத் தாறன் அக்கா" என்றார் கடைத் தம்பி. சரி என்று வந்துவிட்டேன். நான் விட்ட முதல் பிழை அது.

நாலு நாள் கழித்து வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். எங்கள் டிஸ்க்கைக் கடைக் கொம்பியூட்டரில் போட்டு, அந்தத் திரையைப் போனில் எடுத்தது. அப்பாவின் கடிதம் ஒன்று திறந்திருந்தது, ஆனால் தமிழைக் காணோம். ஆங்கில எழுத்தும், அரைப்புள்ளியும், அடைப்புக்குறியும் ஒன்றன்மேல் ஒன்று கொட்டியது மாதிரி இருந்தது. பின்னாலேயே கோல் வந்தது.

"அக்கா, பைல் எல்லாம் கரப்ட். வைரஸ் அடிச்சிட்டுது. போர்மட் பண்ணித்தான் விண்டோஸ் போடவேணும்."

"படங்கள் போகாதுதானே தம்பி?"

"அதெல்லாம் எடுத்து வச்சிட்டுத்தான் செய்வம். நீங்கள் யோசிக்காதேங்கோ."

நான் ஓம் என்று சொல்லிவிட்டேன். இன்றைக்கும் அந்த ஓம் என் நெஞ்சில் நிற்கிறது.

பத்து நாள் கழித்துப் போனபோது கணக்கு 17,500. மதர்போட் மாற்றியது 9,500, டேட்டா எடுத்தது 6,000, விண்டோஸ் 2,000. மிச்சம் 14,500 ஐக் கட்டினேன். "வேண்டுமெண்டால் பெட்டியை 2,000 க்கு நாங்களே எடுக்கிறம், படங்களைப் பென்டிரைவில போட்டுத் தாறம்" என்றும் கேட்டார்கள். அம்மா ஒருமுறை அந்தத் திரையிலேயே பார்க்க ஆசைப்பட்டபடியால் வேண்டாம் என்று வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அம்மா அன்றைக்கு ஆசைப்பட்டிராவிட்டால் எல்லாமே போயிருக்கும்.

வீட்டில் போட்டேன். அம்மா கதிரைக்குப் பின்னால் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். விண்டோஸ் 7 வந்தது. எடுத்த படங்களெல்லாம் பிக்சர்ஸ் என்ற இடத்தில் இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். திறந்தேன். எட்டுப் படங்கள். ஒரு கோலா கரடி, பென்குவின் மூன்று, ஜெலிமீன், வெளிச்சவீடு, பாலைவனம், மிச்சம் பூக்கள். விண்டோஸ் 7 போட்டால் யாருடைய கொம்பியூட்டரிலும் தானாக வந்து நிற்கிற மாதிரிப் படங்கள் அவை. அம்மாவுக்கு அது தெரியாது. "கீழ இறக்கிப் பார் பிள்ளை, கீழ இருக்கும்" என்றார். கீழே ஒன்றும் இல்லை. டி டிரைவும் இல்லை, அப்பாவின் பெயரில் இருந்த போல்டரும் இல்லை.

கடைக்கு எடுத்தால், "டிஸ்க் பழசு அக்கா, நாங்கள் ஏலுமானதைச் செய்தனாங்கள்" என்ற ஒரே பதில். இரண்டாம் நாள் கோலே எடுக்கவில்லை.

என் பெரியம்மா வழி அக்காவின் மகன், எனக்குப் பெறாமகன், வவுனியாப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். அவனுக்குச் சொன்னேன். அவன் முதலில் சொன்னது, "சின்னம்மா, வயரைக் கழட்டுங்கோ. இனி அதை ஒருக்காலும் போடாதேங்கோ" என்பதுதான். அதன் காரணத்தைப் பிறகு விளங்கப்படுத்தினான், நீங்களும் தெரிந்து வைத்திருங்கள். விண்டோஸ் போடும்போது செய்கிற போர்மட், புத்தகத்தின் பொருளடக்கத்தைக் கிழிப்பது மாதிரி. பக்கங்கள் உள்ளேயே இருக்கும். ஆனால் புதிய விண்டோஸ் தன்னுடைய பைல்களை அந்தப் பக்கங்களின் மேலேயே எழுதும். கொம்பியூட்டரைப் போட்டு வைக்க வைக்க, நீங்கள் ஒன்றுமே செய்யாவிட்டாலும் அது ஏதாவது எழுதிக்கொண்டே இருக்கும். எழுதியதற்குக் கீழே இருந்தது திரும்பி வராது.

சனிக்கிழமை வந்தான். பெட்டியைத் திறந்ததும் நான் போனில் இருந்த படத்தைக் காட்டினேன். அதே குளவிக்கூடு, அதே இடத்தில், அதே உடைந்த வாயோடு இருந்தது. 9,500 ரூபாய்க்கு மாற்றியதாகச் சொன்ன மதர்போட் அப்பா வாங்கிய அதே மதர்போட். மாறியிருந்தது காசு மாதிரி வட்டமான அந்தச் சின்ன பற்றரி மட்டும், சீஆர்2032 என்று கேட்டால் எந்தக் கடையிலும் கிடைக்கிறது. ரம் என்ற நினைவகத் தகட்டைக் கழற்றித் துடைத்துத் திரும்பச் செருகியிருப்பார்கள் என்றான். நீளமாகக் கூவுவது பெரும்பாலும் ரம் ஒழுங்காகப் பொருந்தாததால்தானாம். அதன் பொன்னிற விளிம்பைப் பென்சில் அழிறப்பரால் தேய்த்துத் திரும்ப இறுக்கினாலே பல பழைய பெட்டிகள் எழும்பிவிடும்.

அதைவிடப் பெரிய விசயம் ஒன்று சொன்னான். படங்களை எடுக்கப் பெட்டி எழும்பவே தேவையில்லை. பெட்டி செத்ததென்றால் டிஸ்க்கும் செத்தது என்று நாங்கள் நினைக்கிறோம். டிஸ்க் தனி. நாலு ஸ்குரூவைக் கழற்றி வெளியே எடுத்து, யூஎஸ்பி அடப்டரில் செருகி, வேறு லப்டொப்பில் பென்டிரைவ் மாதிரித் திறக்கலாம். எங்களுடையது ஐடிஈ வகை, 40 ஊசியும் அகலமான பட்டி வயரும். 2005 க்குக் கிட்டப் பிறகு வந்தவை பெரும்பாலும் சாட்டா, ஒடுக்கமான வயர். இரண்டுக்கும் பொருந்துகிற அடப்டரை 3,200 ரூபாய்க்குத் தருவித்தோம். பெரிய டிஸ்க்குக்குத் தனியாக மின்சாரம் கொடுக்கிற வயரும் அதோடு வரவேண்டும், பார்த்து வாங்குங்கள். ஆக, 3,200 ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய வேலைக்குத்தான் நான் 17,500 கொடுத்து, இருந்ததையும் அழிப்பித்தேன்.

அவன் டிஸ்க்கில் நேராகக் கைவைக்கவில்லை. விண்டோஸுக்குப் பதிலாக ஓடுகிற லினக்ஸ் போட்ட பென்டிரைவ் ஒன்றால் லப்டொப்பை எழுப்பி, டிடிரெஸ்கியூ என்ற புரோகிராமால் டிஸ்க் முழுவதையும் வேறொரு டிஸ்க்குக்குப் பிரதி எடுத்தான். பிறகு அந்தப் பிரதியில், அழிந்த பைல்களைத் தேடி எடுக்கிற போட்டோரெக் என்ற புரோகிராமை ஓடவிட்டான். இரண்டும் இலவசம். யாராவது இதற்குக் காசு கட்டி சொப்ட்வெயார் வாங்கச் சொன்னால் முதலில் இவற்றைக் கேளுங்கள். டிஸ்க் டிக் டிக் என்று அடித்தால் மட்டும் உடனே நிறுத்திவிட வேண்டுமாம். அது வீட்டில் செய்கிற வேலை இல்லை.

இரவு ஒன்பது மணிக்குப் பைல்கள் வரத் தொடங்கின. பெயர் ஒன்றும் இல்லை, எல்லாம் வெறும் இலக்கம். ஆயிரக்கணக்கில் இணையத்துச் சின்னச் சின்னப் படங்கள், அவற்றுக்கு நடுவே எங்களுடையவை. கடிதங்கள் 61 வந்தன. ஒன்றைத் திறந்தான். கடைத் தம்பி அனுப்பிய அதே குப்பை எழுத்து. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன் திரையின் மேலே எழுத்துருப் பெயர் இருக்கிற சின்னப் பெட்டியைக் காட்டினான். பாமினி என்று இருந்தது.

இந்த இடத்தை ஆறுதலாக வாசியுங்கள், எங்கள் ஆக்கள் பலர் ஏமாறப்போகிற இடம் இதுதான். இப்போது போனிலும் இணையத்திலும் தமிழ் எழுதுகிற பொது முறையான யுனிகோட் இல்லை பாமினி. அதில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று தட்டினால்தான் அம்மா என்று தெரியும். பாமினி எழுத்துரு இல்லாத கொம்பியூட்டரில் திறந்தால் அந்த ஆங்கில எழுத்துகளே அப்படியே நிற்கும். பைலில் ஒரு குறையும் இல்லை. எழுத்துருவைப் போட்டால் சரி, அல்லது இணையத்தில் இருக்கிற மாற்றியில் ஒட்டினால் யுனிகோட் தமிழாக வரும். பெறாமகன் பாமினியைப் போட்டான். ஒரு நொடியில் அப்பாவின் தமிழ் வந்து நின்றது. திகதி, எங்கள் முகவரி, 'மதிப்புக்குரிய ஐயா' என்று தொடங்கும் அப்பாவின் வழக்கமான முதல் வரி.

பிறகு அந்த வட்ஸ்அப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். அதிலும் மேலே அந்தப் பெட்டியில் பாமினி என்ற பெயர் தெளிவாகத் தெரிகிறது. கடையில் அந்தக் கடிதத்தைத் திறந்த நேரம் டிஸ்க் சுகமாக இருந்திருக்கிறது, கடிதம் முழுதாக இருந்திருக்கிறது, அண்ணாவின் படமும் இருந்திருக்கிறது. தமிழ்ப் பிள்ளைகள் நடத்துகிற கடை. ஒரு பென்டிரைவில் கொப்பி பண்ண அரை மணித்தியாலம் போதும். அதைச் செய்யாமல் அழித்துவிட்டு, எடுத்துத் தந்ததற்கு என்று 6,000 வாங்கினார்கள். மதர்போட் காசைக்கூட நான் மறப்பேன். இதை மறக்கமாட்டேன்.

அண்ணாவின் படம் விடியப்பறம் ஒரு மணிக்குக் கிடைத்தது, பாதியாக. இந்த வகைப் படங்கள் மேலிருந்து கீழாகத்தான் விரியுமாம். மேல் பாதி அப்படியே இருந்தது. தலைமயிர், நெற்றி, கண், சிரிப்பு. கழுத்துக்குக் கீழே ஒரே சாம்பல் நிறம். அந்த இடத்தின் மேல் விண்டோஸ் 7 எழுதிவிட்டது. அம்மா நித்திரை கொள்ளாமல் இருந்தார். லப்டொப்பைக் கிட்டக் கொண்டுபோய்க் காட்டினோம். கனநேரம் பார்த்துவிட்டு அந்தச் சாம்பலில் விரலை வைத்து, "இதில நீலச் சேட்டு. நான்தான் புதுக்குடியிருப்பில வாங்கிக் குடுத்தனான்" என்றார்.

முகம் வரைக்கும் வெட்டிப் புதிதாக அடித்து லமினேட் பண்ணிக் கொடுத்திருக்கிறேன். கடைக்கு எதிராகப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்தோம், இலக்கம் 1977 க்கு எடுத்தால் வழி சொல்வார்கள். பற்றுச்சீட்டு இல்லாததுதான் இப்போது பெரிய இடைஞ்சல். கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டு கொடுக்கத்தான் வேண்டும், 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்திலேயே அது இருக்கிறது. முற்பணம் கொடுக்கிற அன்றைக்கே, டிஸ்க்கில் இருக்கிற தொடர் இலக்கத்தையும், அனுமதி இல்லாமல் போர்மட் பண்ணக்கூடாது என்பதையும் அதில் எழுதுவித்து வாங்குங்கள். கோலில் ஓம் சொல்லாதீர்கள்.

பெட்டியை இரும்புக்குக் கொடுத்தாலும் டிஸ்க்கைக் கொடுக்காதீர்கள். எங்களால் போர்மட் பண்ணியதிலிருந்து எடுக்க முடிந்ததென்றால் வாங்குகிறவராலும் முடியும். அடையாள அட்டைப் பிரதி, காணி உறுதி, வங்கிப் புத்தகம் எல்லாம் எங்கள் டிஸ்க்கில் இருந்து வந்தன. எங்களுடையதைத் துணியில் சுற்றி அலுமாரியில் வைத்திருக்கிறோம், அப்பாவின் மூக்குக்கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில்.

அந்த அடப்டரும் வீட்டில் சும்மாதான் இருக்கிறது. ஒட்டுசுட்டான், மாங்குளம், புதுக்குடியிருப்புப் பக்கம் யாருக்காவது தேவையென்றால் கீழே எழுதுங்கள். சனி, ஞாயிறில் பெறாமகனும் வருவான். டிஸ்க்கை மட்டும் கழற்றிக்கொண்டு வாருங்கள், அதுவரைக்கும் சுவிட்சைப் போடாதீர்கள்.