ஒன்பது வருஷ காருக்கு எக்ஸ்டெண்டட் வாரண்டி போட்டேன், இந்த வருஷம் ரினியூ பண்ணல

வண்டிக்கு ஒன்பது வயசு, ஓடினது 1,10,000 கிலோமீட்டர். போன வருஷம் சர்வீஸுக்கு விட்ட எடத்துல எக்ஸ்டெண்டட் வாரண்டி (கம்பெனி வாரண்டி முடிஞ்சப்புறமும் காசு கட்டி வாங்கற ரிப்பேர் கவர்) போட்டுக்கோங்க, இஞ்சின் கியர்பாக்ஸ் ஏசி எல்லாம் கவர் ஆகும்னு சொன்னாங்க, பழைய வண்டி எப்ப பெருசா செலவு வைக்குமோன்னு ஒரு பயம் இருந்துட்டே இருக்கும்ல, அதனால போட்டுட்டேன். ஒரு வருஷத்துல ரெண்டு கிளைம் போனேன், ஒண்ணு கெடச்சுது, ஒண்ணு கெடைக்கல.

கெடச்சது ஆல்டர்னேட்டருக்கு, அதாவது இஞ்சின் ஓடும்போது பேட்டரிய சார்ஜ் பண்ற பார்ட்டுக்கு. ஒரு நாள் காலைல ஸ்டார்ட் பண்ணதுக்கப்புறமும் டேஷ்போர்டுல பேட்டரி லைட் அணையவே இல்ல, மெக்கானிக் அண்ணன் மல்டிமீட்டர் வெச்சு பாத்தா இஞ்சின் ஓடும்போதே 12 வோல்ட்தான் காட்டுது, 14 கிட்ட வரணும். ஆல்டர்னேட்டர் போச்சு. ரெண்டு நாள்ல அப்ரூவல் வந்துடுச்சு, பார்ட் காசு முழுசா குடுத்தாங்க, லேபருக்கு மட்டும் மணிக்கு இவ்ளோதான்னு ஒரு கணக்கு வெச்சிருக்காங்க, மிச்சத்த நான் கட்டினேன். இதுல எனக்கு குறையே இல்ல.

ஏசிலதான் மனசு விட்டுப்போச்சு. கூலிங் கொஞ்சம் கொஞ்சமா கொறஞ்சுட்டே வந்துச்சு. அண்ணன் டார்ச் அடிச்சு காட்டினாரு, கம்ப்ரஸர் முன்பக்கம் எண்ணெய் கசிஞ்சு, அதுல தூசி ஒட்டி கருப்பா பிசுபிசுன்னு இருந்துச்சு. கம்ப்ரஸர் கவர்ல இருக்கேன்னு தைரியமா கிளைம் போட்டா, கழட்டிப் பாக்கணும், கிளைம் ரிஜெக்ட் ஆனா அந்தக் கூலி உங்களோடதுன்னாங்க. சரின்னேன். கழட்டிப் பாத்துட்டு சீல்ல (கசியாம அடைக்கற வளையம்) கசிவு, அது தேய்மானக் கணக்குல வரும்னு ரிஜெக்ட் பண்ணிட்டாங்க. ரிப்பேர் செலவும் என்னோடது, கழட்டின கூலியும் என்னோடது. பேப்பர எடுத்து பாத்தா ஒரு பக்கத்துல கம்ப்ரஸர் இருக்கு, அடுத்த பக்கத்துல சீல், கேஸ்கெட், ஹோஸ் எதுவும் கெடையாதுன்னு பொடி எழுத்துல இருக்கு. பழைய வண்டில மொதல்ல கசியறதே சீலும் ஹோஸும்தான், அத விட்டுட்டு கம்ப்ரஸர் கவர்னு சொன்னா அந்த கவர் எதுக்குன்னு எனக்கு இன்னும் புரியல.

அதனால எது கவர் ஆகும்ங்கற லிஸ்ட்ட விட எது ஆகாதுங்கற பக்கத்ததான் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுட்டு படிக்கணும். பிளான்ல ரெண்டு விதம் இருக்கு. ஒண்ணுல பேர் போட்ட பார்ட்டுக்கு மட்டும்தான் காசு, இன்னொண்ணுல விலக்கு லிஸ்ட்ல இருக்கறத தவிர மத்ததெல்லாம் கவர், ரெண்டாவதுக்கு காசு கூட, ஆனா பழைய வண்டிக்கு அது கெடச்சா அதுதான் உருப்படி. பிரேக் பேட், கிளச் பிளேட், டயர் இதெல்லாம் பொதுவா எதுலயும் வராது. ஒரு கிளைமுக்கு எவ்ளோ வரைக்கும், மொத்தமா எவ்ளோ வரைக்கும்னும் பாருங்க, சில பிளான்ல வண்டியோட இன்னைக்கு மதிப்புதான் உச்சம்.

போடறதா இருந்தா அதுக்கு முன்னாடி உங்களுக்கு நம்பிக்கையான மெக்கானிக்கிட்ட ஸ்கேனர் போட்டு பாத்து, தேதியும் கிலோமீட்டரும் எழுதி ரிப்போர்ட் வாங்கி வெச்சுக்கோங்க, நாளைக்கு இது முன்னாடியே இருந்த கோளாறுன்னு சொன்னா காட்ட ஒரு பேப்பர் கைல இருக்கும். ஆயில் மாத்தின பில் ஒண்ணையும் தூக்கிப் போடாதீங்க. டெம்பரேச்சர் முள்ளு ஏறினா அங்கயே ஓரங்கட்டி ஆஃப் பண்ணிடுங்க, வீடு வரைக்கும் ஓட்டிட்டு வந்து ஹெட் கேஸ்கெட் (இஞ்சின் மேல் பாகத்துக்கு அடியில கசியாம அடைக்கற தகடு) போச்சுன்னா இஞ்சின் கிளைமே தர மாட்டாங்க.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், டர்போ, நெறைய எலக்ட்ரானிக்ஸ் இருக்கற வண்டி, இன்னும் ரெண்டு மூணு வருஷம் ஓட்டப்போறீங்கன்னா போடலாம், கியர்பாக்ஸ் ஒண்ணு போனாலே கைய நல்லா கடிக்கும். என்னோடது மேனுவல் கியர், டர்போ இல்லாத சாதா பெட்ரோல் இஞ்சின், ஒழுங்கா சர்வீஸ் பண்ண வண்டி. நான் ரினியூ பண்ணல, அந்தக் காச தனியா எடுத்து வெச்சிருக்கேன், அடுத்த மாசம் வாட்டர் பம்ப் மாத்தணும்னு அண்ணன் சொல்லிருக்காரு, அதுலேர்ந்துதான் எடுக்கணும்.